பொரிந்த அன்றே சேவலா, பெட்டையா? இரண்டு ஜோடிகள்

கோழிக்குஞ்சின் நிறத்தை வைத்தே சேவலா பெட்டையா என்று சொல்ல இரண்டு கலப்புகள் உண்டு. இரண்டிலும் சேவல் ரோட் ஐலண்ட் ரெட் ஜாதிதான், பெட்டையின் ஜாதிதான் வேறு.

வரிபோட்ட பிளைமவுத் ராக் பெட்டையை விட்டால் குஞ்சுகள் எல்லாம் கருப்பாகப் பொரியும். உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல். வரி மரபணு, கோழிகளில் சேவலா பெட்டையா என்பதோடு தொடர்புள்ள இசட் குரோமோசோமில் இருக்கிறது. தாயிடம் இசட் ஒன்றே ஒன்று, அதுவும் மகன்களுக்கு மட்டுமே போகும். அதனால்தான் மகள்கள் வரியில்லாமல் கருப்பாக வளர்கின்றன.

லைட் சசெக்ஸ் பெட்டையிடமிருந்து வெள்ளி நிற மரபணு அதே வழியில் போகும். மகன்கள் வெளிர் மஞ்சள், மகள்கள் செம்பழுப்பு. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். முதல் கலப்பில் பொட்டு சில குஞ்சுகளில் மங்கலாக இருந்து குழப்பும். ஆனால் லைட் சசெக்ஸ் போல வெள்ளைதானே என்று லெகார்ன் ஜாதிப் பெட்டையை விடாதீர்கள், அதன் வெள்ளைக்குக் காரணம் வேறு மரபணு.

சேவல், பெட்டை ஜாதிகளை இடம் மாற்றினால் இரண்டு கலப்பும் பலிக்காது. கலப்புக் குஞ்சுகளைத் தங்களுக்குள் இணைசேர்த்தாலும் அப்படித்தான். அசல் ஜோடியைத் தனிக்கூண்டில் வைத்திருங்கள்.