குகைக்குள் இறங்க நான்கு வழிகள்: சிக்கல் வந்தால் எது வெளியே கொண்டுவரும்?

ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை டைவிங் சான்றிதழ் கையில் இருக்கிறது. கடலில் முப்பது நாற்பது டைவ் ஆகிவிட்டது. மெக்சிகோவின் செனோட்டே (நீர் நிறைந்த இயற்கைக் கிணறு), ஃபுளோரிடாவின் நன்னீர் ஊற்று என்று நீரடிக் குகைப் படங்களைப் பார்த்ததும் உள்ளே போய்ப் பார்க்க ஆசை வருகிறது. அப்படிப்பட்டவருக்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு: பயிற்சியே இல்லாமல் தெரிந்தவரை நம்பி நுழைவது, பணம் கட்டி வழிகாட்டியோடு போவது, வாசல் ஒளி தெரியும் பகுதிக்கு மட்டுமான இரண்டு நாள் கேவர்ன் பயிற்சி, முழுக் குகைப் பயிற்சி. நான்கையும் ஒரே கேள்வியால் அளக்கிறோம். உள்ளே போன தூரத்தின் கடைசிப் புள்ளியில் ஏதாவது கெட்டுப்போனால், வெளியே வரும் வழி யார் கையில் இருக்கிறது?

பயிற்சி இல்லாமல் நுழைவது

கடலில் எது தவறினாலும் கடைசியில் மேலே போய்விடலாம். ஓப்பன் வாட்டர் பயிற்சி முழுவதும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. குகையில் தலைக்கு மேல் பாறை. வந்த வழியாகவே, வந்த தூரம் முழுவதையும் நீந்தித் திரும்ப வேண்டும்.

காற்றுக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே இது விளங்கும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்த அலகு) என்றால் 2,400 லிட்டர் காற்று. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கும் ஒருவருக்கு, 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்காகிவிடுவதால் 60 லிட்டர் தேவை. கடல் பழக்கப்படி 100 பாரில் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 20 நிமிடம் போயிருப்பார். அந்த இடத்தில் கூட்டாளியின் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) கெட்டு, இருவரும் ஒரே சிலிண்டரில் சுவாசிக்க நேர்ந்தால், மிச்சமுள்ள 1,200 லிட்டர் பத்து நிமிடம்தான் வரும். வெளியே வர இருபது நிமிடம் வேண்டும். பாதி வழியில் இருவருக்கும் காற்று தீர்ந்துவிடும்.

மூன்றில் ஒரு பங்கு விதி பிறந்தது இதனால்தான்: ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. மேலே சொன்ன சிலிண்டரில் 800 லிட்டர், அதாவது சுமார் 13 நிமிடம் உள்ளே. மிச்சம் 1,600 லிட்டர், இருவருக்கும் சேர்த்து அதே 13 நிமிடம். ஆனால் பதற்றத்தில் மூச்சு இரட்டிப்பானால் அதுவும் ஏழு நிமிடத்துக்குள் தீரும். ஆகவே இந்த விதியைக் குறைந்தபட்சமாக மட்டுமே கொள்ள வேண்டும். இரட்டைச் சிலிண்டரில் ஆறில் ஒரு பங்கு மட்டும் செலவழித்தால் அதே 13 நிமிடம் உள்ளே போகலாம். பதற்றத்தோடு இருவர் சுவாசித்தாலும் 16 நிமிடத்துக்குக் காற்று இருக்கும்.

காற்று தீர்வதற்கு முன்பே பார்வை போவதும் நடக்கும். கடலில் பழகிய கால்வீச்சு, ஃபின் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் நீரைத் தரையை நோக்கித் தள்ளுகிறது. அடியில் மாவு போலப் படிந்திருக்கும் வண்டல் கிளம்பிவிடும். மூச்சுக் குமிழிகள் கூரையில் மோதி அங்கே ஒட்டியிருப்பதையும் உதிர்க்கும். முப்பது மீட்டர் தெளிவாகத் தெரிந்த நீரில், சிறிது நேரத்திலேயே முகத்துக்கு நேரே நீட்டிய கை தெரியாது. விளக்கை அடித்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அது அடங்க மணிக்கணக்காகும், சில இடங்களில் நாள்கணக்காகும். கையில் வெளி வரை தொடர்ந்து போகும் கயிறு இல்லையென்றால் எந்தப் பக்கம் வாசல் என்று அறிய வழியே இல்லை.

‘எனக்கு இருபது வருட அனுபவம்’ என்பதும் இங்கே செல்லாது. ஃபுளோரிடா குகை வாசல்களில் எமன் உருவத்தோடு வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகை, இறந்தவர்களில் ஓப்பன் வாட்டர் பயிற்றுநர்களும் உண்டு என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களின் கால்பந்துப் பயிற்சியாளரும் சிக்கியபோது, கடல் டைவிங்கில் தேர்ந்த கடற்படை சீல் வீரர்களே திணறினார்கள். ஜூலை 2 அன்று சிறுவர்களைக் கண்டுபிடித்தவர்கள் ரிக் ஸ்டான்டன், ஜான் வோலந்தன் என்ற இரு பிரிட்டிஷ் குகை டைவர்கள். ஜூலை 6 அன்று, உள்ளே காற்றுச் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும்போது முன்னாள் சீல் வீரர் சமன் குனான் உயிரிழந்தார். உடல் வலுவிலும் துணிச்சலிலும் அவருக்கு எந்தக் குறையும் இல்லை.

வழிகாட்டியோடு செனோட்டே

மெக்சிகோவின் யுகட்டானில் தோஸ் ஓஹோஸ் போன்ற செனோட்டேகளில் நடப்பது இது. முறையாக நடத்தினால் ஒரு வழிகாட்டிக்கு நான்கு பேருக்கு மேல் இல்லை. வழிகாட்டி முழுக் குகைச் சான்றிதழ் பெற்றவர். பாதை முழுக்க நிரந்தரக் கயிறு. எப்போதும் சூரிய ஒளி கண்ணில் படும் எல்லைக்குள்தான் நீந்துவார்கள். காற்று மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் திரும்பிவிடுவார்கள்.

இந்த வரம்புக்குள் நின்றால் இது நல்ல வழி என்றே சொல்வோம். குறை என்னவென்றால், வெளியே வரும் வழி முழுக்க வழிகாட்டியின் கையில்தான் இருக்கிறது. விருந்தினரிடம் ஒரே சிலிண்டர், பெரும்பாலும் ஒரே விளக்கு, சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள உதிரி ரெகுலேட்டர் குழாய். நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் அடுக்கில் முன்னால் போகிறவர் கலக்கிவிட்டால் எல்லாம் மங்கலாகும். பழக்கமில்லாதவர் அங்கேதான் காலை உதைத்துக்கொண்டு கயிற்றை விட்டு விலகுவார்.

பணம் கட்டும் முன் வழிகாட்டியின் குகைச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பேர், எந்த அழுத்தத்தில் திரும்புவோம், எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். ‘அங்கே ஒரு அறை இருக்கிறது, ஐந்து நிமிடம்தான்’ என்று ஒளி எட்டாத பக்கம் கை காட்டினால், கட்டை விரலை மேலே உயர்த்தி டைவை முடித்துவிடுங்கள். யார் வேண்டுமானாலும், காரணமே சொல்லாமல், எந்த நொடியிலும் டைவை முடிக்கலாம் என்பது குகை டைவர்களிடையே மாறாத வழக்கம்.

கேவர்ன் பயிற்சி

செலவுக்கு மிகுந்த பலன் தருவது இதுதான். வழக்கமாக இரண்டு நாள், நான்கு டைவ். எல்லை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆழத்தையும் சேர்த்து நீர்ப்பரப்பிலிருந்து 60 மீட்டர் என்பது பரவலான கணக்கு, பேடி (PADI) என்ற பயிற்சி நிறுவனம் 40 மீட்டரோடு நிறுத்துகிறது. ஒளி தெரிய வேண்டும் என்பது எல்லோருக்கும் பொது.

முதல் பாடம் தரையில்தான். மரங்களைச் சுற்றிக் கயிறு கட்டி, கண்ணை மூடிக்கொண்டு, விரலை வளையமாக்கிக் கயிற்றைப் பிடித்து நடக்கச் சொல்வார்கள். பிறகு நீரில், கயிறு சுற்றிய ரீலோடு வேலை. முதல் முடிச்சு நேராக மேலே வர முடிகிற திறந்த இடத்தில், இரண்டாவது குகை வாய்க்குச் சற்று உள்ளே. அதன்பின் திருப்பங்களில் பாறையில் அணைத்துக்கொண்டே போக வேண்டும். கயிறு தளர்ந்தால் சிக்கும். பாறை இடுக்கில் வழுக்கினால், மனிதன் நுழைய முடியாத சந்துக்குள் அது போய்விடும். முழங்காலை மடித்துத் தவளை போல் பின்னோக்கி உதைக்கும் முறையும் இங்கேதான் படியும். பவளப் பாறைகளுக்கு மேல் நீந்தும்போதும் அது உதவும்.

பயிற்சி முடித்த மறுநாள்தான் ஆபத்து. எல்லைக் குறிக்கு அப்பாலும் அதே கயிறுதான் போகிறது, நீரும் தெளிவாகத்தான் இருக்கிறது. ஃபுளோரிடாவின் ஜின்னி ஊற்றில், டெவில்ஸ் குகைப் பகுதியில் இறங்கும் ஓப்பன் வாட்டர் டைவர்கள் விளக்கே எடுத்துப் போகக் கூடாது என்று தடை வைத்திருக்கிறார்கள். விளக்கு இல்லாதவர் இருட்டுக்குள் போக மாட்டார். மிக எளிய, மிக நல்ல தடை.

முழுக் குகைப் பயிற்சி

கேவர்னிலிருந்து தொடங்கி மொத்தம் எட்டு நாள் அளவில் ஆகும். இடைநிலையான அறிமுகக் கட்டத்தில் முதன்மைக் கயிற்றை விட்டு விலக அனுமதி இல்லை, இரட்டைச் சிலிண்டரில் ஆறில் ஒரு பங்குதான் உள்ளே போகும்போது செலவழிக்கலாம். முழு நிலையில்தான் கிளைக் கயிறுகளுக்குத் தாவுவதும் மூன்றில் ஒரு பங்கும்.

கருவிகளே மாறுகின்றன: ஒரு முதன்மை விளக்கு, இரண்டு மாற்று விளக்குகள், தனித்தனி ரெகுலேட்டரோடு இரண்டு சிலிண்டர், இடுக்கில் ஒருவர் பின் ஒருவராகக் காற்றைப் பகிர்ந்துகொண்டு வர 2.1 மீட்டர் குழாய். வாசல் இருக்கும் பக்கத்தைக் காட்டும் அம்புக்குறிகளைக் கயிற்றில் மாட்டுவார்கள். இருட்டில் விரலால் தடவியே திசை அறியலாம். கயிற்றைத் தொலைத்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கண்ணை மறைத்துவிட்டுப் பழக்குவார்கள். அசையாமல் நின்று மூச்சை நிதானப்படுத்த வேண்டும். சிறு ஸ்பூலில் சுற்றிய கயிற்றைப் பக்கத்துப் பாறையில் கட்ட வேண்டும். தொலைத்த கயிறு இருக்கக்கூடிய பக்கமாகத் தடவித் தேட வேண்டும். கிடைத்ததும் அதில் முடிச்சுப் போட்டுவிட்டு அம்புக்குறியைத் தேட வேண்டும்.

இது பலன் தரும் என்பதற்குத் தென் ஆஸ்திரேலியாவின் மவுன்ட் கேம்பியர் சாட்சி. 1969க்கும் 1974க்கும் இடையில் அங்கே 11 டைவர்கள் இறந்தார்கள். 1973இல் ஆஸ்திரேலியக் குகை டைவர்கள் சங்கம் உருவாகி, தகுதித் தேர்வில் தேறியவருக்கே அனுமதி என்று ஆனதும் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. அதற்காக முழுச் சான்றிதழ் கவசம் ஆகிவிடாது. 2014இல் நார்வேயின் ப்ளூரா குகையில், 100 மீட்டருக்கும் கீழே, அனுபவமுள்ள இரண்டு ஃபின்லாந்து டைவர்கள் இறந்தார்கள்.

எதை எடுப்பது?

வாழ்நாளில் ஒரே ஒருமுறை பார்த்தால் போதும் என்றால் நல்ல வழிகாட்டி போதும். இரண்டு நாள் ஒதுக்க முடியும் என்றால் கேவர்ன் பயிற்சியை எடுங்கள், அதே செனோட்டேயை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது குகைக்குப் போகப் போகிறவருக்கு மட்டுமே முழுப் பயிற்சி, பழகாமல் விட்டால் கயிற்று வேலை கை மறந்துவிடும். எந்தப் பயிற்சியானாலும், முதலில் ஆழமில்லாத திறந்த நீரில் உங்கள் மிதவையையும் காலுதைப்பையும் சோதிக்காமல் நேரே குகைக்குள் அழைத்துப் போகும் பயிற்றுநரிடம் பணம் கட்டாதீர்கள்.