காரைக்குடியில் ஒரு வாடகை நூலகம்: சினிமாப் பிரியர்கள் ஒரு சாயங்காலமாவது போய் உட்கார வேண்டிய இடம்

கல்லுக்கட்டி கடைத்தெரு நெரிசலை விட்டு கொப்புடையம்மன் கோயில் பக்கமாக உள்ளே நடந்தால் தெருவுக்கு நாலு பெரிய வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டாத ஒரு வீட்டின் முகப்பில்தான் இந்த வாடகை நூலகம் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் திண்ணையில் ஒரு மரப்பெஞ்சு போட்டிருக்கும், அதில் யாராவது ஏதாவது ஒரு படத்தைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், அதுதான் அடையாளம். நான் ஆறு மாதமாக வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறேன், அதனால் எழுதத் தகுதி வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நடத்துகிற ஆச்சிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவரும் அவருடைய மாமியாரும் வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் பிரித்தெடுத்து, நூல் போட்டுத் தைத்து, காலிகோ துணி ஒட்டி பைண்டு செய்து வைத்திருக்கிறார்கள். கடையின் சொத்து அதுதான். சாதாரணப் புத்தகங்களும் இருக்கின்றன, வாரம் 20 ரூபாய், ஆனால் அதற்காக மெனக்கெட்டு இங்கே வர வேண்டியதில்லை. பைண்டு வால்யூமுக்கு 300 ரூபாய் டெபாசிட், வாரம் 40 ரூபாய். கொடுக்கிற காசுக்கு அது ரொம்பவே மேல். பக்கத்தைத் திருப்பினால் கதைக்கு நடுவே அந்தக் காலத்துத் தலைவலி மாத்திரை விளம்பரம் வரும், துணுக்கு வரும், அப்புறம் முழுப் பக்கத்தில் ஓவியம் வரும். கடைசியில் 'தொடரும்'. அச்சுப் புத்தகமாக வாங்கினால் இது எதுவும் கிடைக்காது.

அந்த ஓவியங்களைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாவலைப் படமாக எடுத்தால் நாம் ஏன் சண்டை போடுகிறோம் என்று எனக்குப் புரிந்ததே அவற்றைப் பார்த்த பிறகுதான். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்தபோது மணியம் வரைந்தார். வந்தியத்தேவன் எப்படி இருப்பான், நந்தினியின் கொண்டை எப்படி, பழுவேட்டரையரின் மீசை எவ்வளவு நீளம் எல்லாம் அங்கேயே முடிவாகிவிட்டது. 1958லேயே எம்.ஜி.ஆர். உரிமை வாங்கினார், எடுக்க முடியவில்லை. கடைசியில் மணிரத்னம் 2022லும் 2023லும் இரண்டு பாகமாகக் கொண்டுவந்தார். தியேட்டரில் உட்கார்ந்து 'இவர் வந்தியத்தேவன் மாதிரி இல்லையே' என்று முணுமுணுத்தவர்களில் பாதிப்பேர் கல்கியின் எழுத்தோடு ஒப்பிடவில்லை, மணியத்தின் கோட்டோடுதான் ஒப்பிட்டார்கள். நானும் அப்படித்தான் முணுமுணுத்தேன், ஆனால் மணியத்தின் படங்களை வரிசையாக ஒரு வால்யூமில் பார்க்கிற வரைக்கும் அது எனக்கே தெரியாது.

பெஞ்சில் இதைச் சொன்னபோது பெரிய விவாதமே நடந்தது. அழகப்பாவில் எம்.ஏ. படிக்கிற ஒரு பெண் வருவார், அவருக்குப் படம்தான் முதலில், புத்தகம் பிறகு. "ஆச்சி, புத்தகத்துல கதை ஆடிப்பெருக்கு அன்னிக்கு வீரநாராயண ஏரிக்கரையில ஆரம்பிக்குது, படத்துல போர்ல ஆரம்பிக்குது, எனக்குப் படம்தான் சரின்னு படுது" என்றார். ஆச்சி கோபப்படவே இல்லை. "ஆத்தா, அந்த ஏரிக்கரையில குதிரையில ஒருத்தன் சும்மா வேடிக்கை பார்த்துக்கிட்டு வர்றான் பாரு, அந்த சும்மாதான் எனக்கு வேணும். அடுத்த வாரம் வரைக்கும் அந்த ஏரியையே நெனச்சுக்கிட்டு இருப்போம்" என்றார். எனக்கு ஆச்சி கட்சிதான். படத்தில் கடம்பூர் மணிமேகலை இல்லாமல் போனதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. ஆனால் வாரம் ஒன்றாக மூன்றரை வருஷம் வந்த கதையை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடைக்கிறவர் எதையாவது விட்டுத்தானே ஆக வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

முகத்தை ஓவியர் ஏற்கனவே கொடுத்துவிட்டார் என்றால் படம் எதைக் கொடுக்க வேண்டும்? இதற்குப் பதில் கொத்தமங்கலம் சுப்புவின் தில்லானா மோகனாம்பாள் வால்யூமில் கிடைத்தது. விகடனில் வந்த தொடர், கோபுலு படம். சவடால் வைத்தியை கோபுலு வரைந்திருப்பதைப் பார்த்துவிட்டு நாகேஷை நினைத்தால் இரண்டும் ஒரே உடம்பாகத் தெரியும். ஆனால் பேப்பரில் நாதஸ்வரம் கேட்காது. ஏ.பி. நாகராஜன் 1968இல் எடுத்தபோது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களை வாசிக்க வைத்தார், சிவாஜியின் கன்னமும் விரலும் அந்த வாசிப்பைப் பிடித்துக்கொண்டன. இரண்டு தடிமன் பாகமாக ஓடுகிற கதையில் பெரும் பகுதியை நாகராஜன் விட்டுவிட்டார், ஆனாலும் அந்தப் படத்தின் மீது யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. கதையில் எவ்வளவு விட்டார்கள் என்று கணக்குப் பார்ப்பதை நான் அன்றோடு நிறுத்திவிட்டேன். பேப்பரால் முடியாத எதைக் கொண்டுவந்தார்கள் என்று பார்க்கிறேன்.

அப்படிப் பார்த்தால் இயக்குநர் மகேந்திரன் என் கண்ணில் இன்னும் உயரமாகத் தெரிகிறார். நம் சீமைக்குப் பக்கத்து இளையான்குடிக்காரர். உமாசந்திரனின் முள்ளும் மலரும், கல்கி வெள்ளிவிழா நாவல் போட்டியில் பரிசு வாங்கிய கதை. அதிலிருந்து வின்ச் என்கிற இழுவை இயந்திரத்தை ஓட்டுகிற காளியையும் அவன் தங்கையையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தன் வழியில் கொண்டுபோனார். 1979இல் புதுமைப்பித்தனின் சிற்றன்னையில் இருந்து உதிரிப்பூக்கள் வந்தது. சிற்றன்னையை இங்கே வாங்கி ஒரே ராத்திரியில் படித்துவிட்டு அடுத்த நாள் படத்தைப் பார்த்தேன். இதிலிருந்தா அது வந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆற்றங்கரைக் கடைசிக் காட்சியில் பேச்சு குறைந்து குறைந்து இல்லாமலே போகிறதே, அந்த அமைதியை எந்த எழுத்தாளராலும் எழுதிக் காட்ட முடியாது.

உள்ளூர்ப் பெருமையாக இன்னொன்று. சுஜாதாவின் ப்ரியா 1978இல் படமானபோது இயக்கியவர் எஸ்.பி. முத்துராமன், காரைக்குடிக்காரர், திரைக்கதை பஞ்சு அருணாசலம், சிறுகூடல்பட்டிக்காரர். நம்மூர்க்காரர்கள் என்பதற்காக விட்டுக்கொடுக்க முடியாது, வக்கீல் கணேஷாக ரஜினியை என்னால் ஏற்க முடியவில்லை, ஜெயராஜ் வரைந்த கணேஷ் மனதை விட்டுப் போக மறுக்கிறான். இளையராஜா பாட்டுக்காகப் படத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

இரண்டாம் பாகங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பெஞ்சில் சூடு ஏறும். முப்பது வருஷம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்த அண்ணன் ஒருவர் வருவார், படப்பெட்டி வர நேரமானால் பஸ் ஸ்டாண்டுக்கே சைக்கிளில் போய்த் தூக்கி வந்தவர். 1996 இந்தியனை ஒரு நாளைக்கு நாலு காட்சி ஓட்டியிருக்கிறார். 2024இல் வந்த இந்தியன் 2 பார்த்துவிட்டு வந்து, "நேதாஜி படையில இருந்த மனுஷன், இன்னிக்கு நூறு வயசு தாண்டியிருக்கணும்ல, தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அவருக்கு அது வலித்திருக்கிறது. எனக்கும் வலித்தது. 28 வருஷம் கழித்து ஒரு கதையைத் திறக்கிறார்கள் என்றால் அந்தக் கதைக்குள் இன்னும் பதில் சொல்லாத கேள்வி ஒன்றாவது இருக்க வேண்டும்.

அப்படிக் கேள்வி இருந்த கதை எது என்றால் ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசத்தைச் சொல்வேன். மழையில் காரில் ஏறிய பெண்ணைத் தாய் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிற அந்தச் சிறுகதை வந்தபோது ஊரெல்லாம் சண்டை. அதன் பிறகு ஜெயகாந்தன், தாய் அப்படி மூடி வைக்காமல் கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று ஒரு முழு நாவலே எழுதினார், சில நேரங்களில் சில மனிதர்கள். அந்தச் சிறுகதையை எழுதியவராக ஒரு எழுத்தாளர் நாவலுக்குள்ளேயே நடமாடுவார். பீம்சிங் இயக்கத்தில் படமானபோது திரைக்கதையையும் ஜெயகாந்தனே எழுதினார், எழுத்தாளராக நாகேஷ் நடித்தார், லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. சிறுகதை, நாவல் இரண்டையும் ஆச்சி சேர்த்துத்தான் கொடுப்பார், தனியாகக் கேட்டால் தர மாட்டார்.

ரீமேக் என்றாலே இளக்காரமாகப் பேசுகிறவர்களை இந்தப் பெஞ்சில் உட்கார விடுவதில்லை, அதற்கு ஊர்க் காரணமும் இருக்கிறது. ஏவிஎம் ஸ்டூடியோவைத் தொடங்கிய நம்மூர்க்காரர் ஏவி. மெய்யப்பச் செட்டியார் கன்னட ஹரிச்சந்திராவை 1944இல் தமிழ் பேச வைத்தவர். காரைக்குடிக்குப் பக்கத்துத் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு எடுத்த நாம் இருவர் (1947) ப. நீலகண்டனின் நாடகம், அடுத்து வந்த வேதாள உலகம் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். கோடம்பாக்கம் போன பிறகு வாழ்க்கையை (1949) தெலுங்கிலும் இந்தியிலும் திரும்ப எடுத்தார், மூன்றிலும் வைஜயந்திமாலா. ஒரு கதையை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய் அந்த ஊர்க்காரர்களுக்குச் சொந்தமாக்குவது சின்ன வேலை என்று நம்மூரில் யாரும் நினைத்ததில்லை. இந்தக் காலத்தில் அதைச் சரியாகச் செய்தது பாபநாசம் (2015) என்பதில் பெஞ்சில் எல்லோரும் ஒரே கட்சி. மலையாள த்ருஷ்யம் எடுத்த ஜீத்து ஜோசப்பேதான் எடுத்தார், காட்சிகள் அதேதான், ஆனால் திருநெல்வேலிப் பேச்சு வந்து உட்கார்ந்ததும் சுயம்புலிங்கம் நமக்குத் தெரிந்த ஆள் ஆகிவிட்டான். ஆபரேட்டர் அண்ணனுக்கு அந்தப் படம் உயிர். படம் பார்த்துப் பார்த்தே அறிவு வளர்த்துக்கொண்டவன் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான், அதில் அவருக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கிறது.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். என்ன இருக்கிறது என்று பட்டியல் கிடையாது, எல்லாம் ஆச்சியின் ஞாபகம், அவர் ஊருக்குப் போயிருந்தால் பேரனால் எதையும் எடுத்துத் தர முடியாது. சில வால்யூம்களில் யாரோ ஓவியங்களைப் பிளேடால் வெட்டி எடுத்துப் போயிருக்கிறார்கள். ஒரு வால்யூமில் கடைசி மூன்று வாரம் இல்லை. 350 பக்கம் படித்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது, முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும் என்று ஆச்சியிடம் வருத்தப்பட்டேன். அவர் அந்த வார வாடகையைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு குறையுள்ள வால்யூம்களின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறார். முகப்பில் ஒரே ஒரு ஃபேன், சித்திரை வைகாசியில் உட்கார முடியாது, கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்கார்ந்தால் குளிர்ச்சியாக இருக்கும். மழைக்காலத்தில் பழைய தாள் வாசனை தும்மலைக் கிளப்பும், ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனம். வெளியூர்க்காரர்களுக்கு வீட்டுக்குக் கொடுப்பதில்லை, அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், அதற்குக் காசு வாங்குவதில்லை.

சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை, செவ்வாய்க்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம், ஆச்சி தேன்குழல் போட்டால் அதற்கும் ஒரு பங்கு கிடைக்கும். தில்லானா இரண்டாம் பாகம் இப்போது என்னிடம் இருக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவேன், வேண்டியவர்கள் ஆச்சியிடம் சொல்லி வையுங்கள்.