ஏதாவது நடக்கும், பாரு: பிரேயஸ் துறைமுகத்துச் சிறுகதைகள்

2003 கோடையில் எங்கள் கப்பல் பழுதுபார்ப்புக்காக 22 நாள் பெராமாவில் கிடந்தது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸை ஒட்டிய ஊர் அது. சுற்றுலாக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள். வெல்டிங் பட்டறைகள், துருப்பிடித்த கப்பல்கள், மலைச்சரிவில் நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள், அவ்வளவுதான். எதிரே சலாமிஸ் தீவு, ஃபெரியில் போனால் கால் மணி நேரம். கி.மு. 480இல் கிரேக்கர்கள் பாரசீகக் கடற்படையை முறியடித்தது இந்தக் குறுகிய கடலில்தான். ஐரோப்பிய வரலாறு என்று யார் எழுத உட்கார்ந்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் இந்தத் தண்ணீர் வந்துவிடும். அதே தண்ணீரின் மேல் தேர்ட் எஞ்சினியராக நான் ஒரு பம்ப்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்களோடு வேலை பார்த்த ஃபோர்மேனுக்கு ஐம்பது வயது இருக்கும். யூரோ வந்து ஒன்றரை வருடம் ஆகியும் அவர் பழைய கிரேக்க நாணயமான டிராக்மாவில்தான் கணக்குப் போடுவார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று சொன்னார். ‘கொடுத்துவிடுவார்களா?’ என்று கேட்டேன். ‘ச்’ என்று நாக்கைத் தட்டி முகவாயை மேலே தூக்கினார். இல்லை என்பதற்கு அவர்கள் செய்வதும் நம் ஊரில் செய்வதும் ஒன்றேதான், எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அப்புறம் சிகரெட்டை அணைத்துவிட்டு, ‘காட்டி தா யீனி’ என்றார். ஏதாவது நடக்கும்.

அந்த மூன்று சொல்லும் எனக்கு மறந்தே போயிருந்தது. ஓய்வுபெற்று தூத்துக்குடிக்கு வந்த பிறகு ஒருநாள் இணையத்தில் எதையோ தேடும்போது கிறிஸ்தோஸ் இகோனோமு என்பவரின் சிறுகதைத் தொகுப்பு கண்ணில் பட்டது. கிரேக்க மூலத்தின் பெயர் ‘காட்டி தா யீனி, தா திஸ்’. உடனே வாங்கிவிட்டேன். ஆங்கில மொழிபெயர்ப்பு கேரன் எமெரிக் செய்தது, 2016இல் ஆர்ச்சிபெலகோ பதிப்பகம் வெளியிட்டது. ஐந்து வாரம் கழித்து, ஒரு முனை நசுங்கி வந்து சேர்ந்தது. விற்றவரிடம் சொன்னேன், வருந்துவதாக ஒரு மின்னஞ்சல் வந்தது, அதோடு சரி. புத்தகம் அழகான புத்தகம். கிட்டத்தட்ட சதுர வடிவம், கையில் வைத்தால் விரிந்து நிற்கிறது, எழுத்து கண்ணை உறுத்தவில்லை. என் வயதில் இதெல்லாம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

கதைகள் எல்லாமே பிரேயஸைச் சுற்றியுள்ள உழைப்பாளர் பகுதிகளில் நடக்கின்றன. நிகேயா, கெராட்சினி, பெராமா. இவற்றில் பலவும் 1922இல் ஆசியா மைனரிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, துரத்தப்பட்டு வந்த கிரேக்க அகதிகள் குடியேறிய இடங்கள். இகோனோமு இந்த வரலாற்றைச் சொல்ல மெனக்கெடுவதில்லை. தெருவின் பெயரைச் சொல்லிவிட்டு ஆளுக்குள் போய்விடுகிறார். ஒரு கதையில் எல்லி என்ற பெண் உண்டியல் பன்றியில் சேர்த்துவைத்த காசைக் காதலன் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். இன்னொன்றில், வேலையிடத்தில் இறந்துபோன நண்பனுக்காக ஒருவன் எதிர்ப்பு அட்டை செய்து துடைப்பக் கட்டையில் கட்டிக்கொண்டு தெருவில் நிற்கிறான். அட்டையில் என்ன எழுதுவதென்று அவனுக்குத் தெரியவில்லை, வெறும் அட்டையாகவே பிடித்துக்கொண்டு நிற்கிறான். 2008 ஜூலையில் பெராமாவில் ஒரு எரிவாயுக் கப்பல் வெடித்து 8 தொழிலாளர்கள் செத்தார்கள். அப்போது நான் வேறு கடலில் இருந்தேன், மெஸ்ரூமில், கப்பல் சாப்பாட்டு அறையில்தான், செய்தி தெரிந்தது. இந்தக் கதைக்கும் அந்த விபத்துக்கும் தொடர்பு எதுவுமில்லை. ஆனாலும் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது சுகாதார மையத்துக் கதை. காலையில் டாக்டரைப் பார்க்க வரிசையில் முன்னால் இடம் பிடிக்க வேண்டுமென்று வயதானவர்கள் சிலர் இரவு முழுக்க வாசலில் தீ மூட்டிக் குளிர்காய்ந்தபடி பேசிக்கொண்டிருக்கிறார்கள். கதை என்று பார்த்தால் நடப்பது அவ்வளவுதான். பேச்சிலேயே ஆள் ஆளாக உருவாகி வருகிறார்கள். பொய் சொல்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் பிரியமாகவும் இருக்கிறார்கள்.

இந்தப் பேச்சு மொழிக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. கிரேக்கத்தில் வெகுகாலம் இரண்டு மொழிகள் ஓடின. பழைய இலக்கணத்தை ஒட்டி செய்துவைத்த ‘கதரேவுசா’ ஒன்று, மக்கள் பேசும் ‘திமோதிகி’ ஒன்று. பைபிளின் நற்செய்திகளைப் பேச்சு மொழியில் பெயர்த்துப் பத்திரிகையில் போட்டார்கள் என்பதற்காக 1901இல் ஏதென்ஸில் கலவரமே நடந்தது, 8 பேர் செத்தார்கள். பள்ளிக்கூடத்திலும் அரசாங்கத்திலும் பேச்சு மொழி அதிகாரப்பூர்வமாக நுழைந்தது 1976இல்தான், ராணுவ ஆட்சி விழுந்து இரண்டு வருடம் கழித்து. மேடைத் தமிழும் வீட்டுத் தமிழும் அறிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘ரே’ என்று ஒரு சொல் உண்டு. ஏறக்குறைய நம் ‘டேய்’. ஃபோர்மேன் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை போடுவார். ஆங்கிலத்தில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று நான் பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தேன். எமெரிக் மேல் குறை சொல்லவில்லை, அவருடைய ஆங்கிலம் ஓடுகிற ஆங்கிலம். ஆனால் ‘ஏதாவது நடக்கும், பாரு’ என்று சொல்லிப் பார்த்தால் தமிழில் அது அந்த மலைச்சரிவு வீட்டு வாசலுக்கே போய்விடுகிறது. கிரேக்கத்திலிருந்து நேரடியாகத் தமிழுக்கு யாராவது கொண்டுவந்தால் முதல் பிரதி எனக்கு.

இனி புத்தகத்தின் தலையெழுத்துக்கு வருவோம். மூலம் வெளிவந்தது 2010இல், கிரேக்க அரசு கடனில் மூழ்கித் தத்தளித்த நேரம். அதே வருடம் பிப்ரவரியில் ‘ஃபோகஸ்’ என்ற ஜெர்மன் வார இதழ், மீலோஸின் அஃப்ரோடைட்டி என்ற பழைய கிரேக்கப் பெண்தெய்வச் சிலை நடுவிரலைக் காட்டுவது போல அட்டைப்படம் போட்டு, யூரோ குடும்பத்தில் ஏமாற்றுக்காரர்கள் என்று எழுதியது. அந்தச் சிலைக்குக் கையே கிடையாது. சிலை இருப்பது கிரேக்கத்திலும் இல்லை, பாரிஸில். திட்டுவதற்குக்கூட ஐரோப்பாவுக்குப் பழைய பளிங்குதான் தேவைப்பட்டது, இல்லாத கையை ஒட்டவைத்தாவது திட்ட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் வந்ததால் இகோனோமுவின் புத்தகத்தை எல்லோரும் ‘நெருக்கடி இலக்கியம்’ என்று எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மன், இத்தாலி என்று மொழிபெயர்ப்புகள் வந்தன. இத்தாலியப் பத்திரிகை ஒன்று, அமெரிக்க நாவலாசிரியர் ஃபாக்னரை நினைத்து, அவரை ‘கிரேக்க ஃபாக்னர்’ என்றது. ஓரத்து நாட்டு எழுத்தாளனுக்கு யாராவது ஒரு பெரியவரின் பெயரை ஒட்டாமல் விடமாட்டார்கள். ஆனால் கடன் மீட்புத் திட்டம் கையெழுத்தாவதற்கு முன்பே எழுதிய கதைகள் இவை. ஃபோர்மேனின் சம்பளப் பாக்கி 2003லேயே இருந்ததை நான்தான் பார்த்தேனே.

அதற்காக ஐரோப்பா நவீன கிரேக்கத்தைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொன்னால் அது பொய். கவிஞர்கள் செஃபெரிஸுக்கு 1963இலும் எலிடிஸுக்கு 1979இலும் நோபல் கொடுத்தார்கள். 2001இல் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியில் கிரேக்கம் கௌரவ விருந்தினர். ஐரோப்பிய ஒன்றியத்தின் இலக்கியப் பரிசு 2014இல் மாக்கிஸ் த்சிதாஸுக்கும் 2017இல் கலியா பாபதாகிக்கும் போனது. ஆனால் வரவேற்பறையில் அவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலி கவிஞர்களுக்கும் தீவு வெளிச்சத்துக்கும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெல்டர்களுக்கு நாற்காலி கிடைக்க நாடு திவாலாக வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், கிரேக்கப் புத்தகங்களை வெளிநாட்டில் அறிமுகப்படுத்திக்கொண்டிருந்த தேசியப் புத்தக மையத்தை, உலகமே அவர்களைப் படிக்க ஆரம்பித்த அதே நெருக்கடிக் காலத்தில் செலவைக் காரணம் காட்டி அரசாங்கம் இழுத்து மூடியது.

குறைகள் உண்டு. ஒரே மூச்சில் படித்தால் கதைகள் ஒன்றின் மேல் ஒன்று வழிந்துவிடுகின்றன. எல்லோரும் இரவில் விழித்திருக்கிறார்கள், எல்லோருக்கும் கடன், எல்லோரும் ஒரே சுருதியில் தனக்குத்தானே பேசிக்கொள்கிறார்கள். ஐந்தாவது கதைக்குப் பிறகு நான் பத்து நாள் நிறுத்தினேன். ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் காலையில். இரவில் வேண்டாம்.

சிரிப்பும் வேண்டும் என்பவர்கள் பெட்ரோஸ் மார்க்காரிஸிடம் போகலாம். இஸ்தான்புல்லில் பிறந்தவர், ஜெர்மன் கவிஞர் கோதேயின் ஃபவுஸ்ட் நாடகத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர், எழுதுவதோ துப்பறியும் நாவல். அவருடைய போலீஸ்காரர் ஹரிதோஸ் ஓய்வு நேரத்தில் அகராதி படிப்பார். மனைவி அத்ரியானி செய்யும் சாதம் அடைத்த தக்காளிக்காக எந்தச் சண்டையையும் சமாதானமாக்கிக்கொள்வார். கடன் நெருக்கடி பற்றி வரிசையாக நாவல்கள் எழுதியிருக்கிறார். ஐரோப்பாவின் பொருளாதாரம் எனக்குக் கொஞ்சமாவது புரிந்தது அவரால்தான்.

இகோனோமுவின் புத்தகம் இப்போது என்னிடம் இல்லை. என்னோடு அந்த 22 நாளும் பெராமாவில் இருந்த போசன் (கப்பல் மேல்தள வேலையாட்களின் தலைவர்) ஒருவர் மணப்பாட்டில் இருக்கிறார், அவரிடம் கொடுத்திருக்கிறேன். ஆங்கிலம் அவருக்கு நிதானமாகத்தான் ஓடும். போன வாரம் போன் செய்து, ‘சார், அந்த ஆஸ்பத்திரி வாசல் கதை வரைக்கும் வந்துட்டேன். அங்கேயும் ராத்திரியே போய் இடம் போடணுமா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுமுனையில் ‘ச்’ என்று ஒரு சத்தம் கேட்டது.