மோட்டார் கொட்டகைக்கு எந்த மெமரி ஐசி?

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் போர்செட் வைத்திருப்பவர்களுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் புதிதல்ல. வீட்டுத் திண்ணையிலிருந்தே போன் போட்டு மோட்டாரை ஓட விடலாம். அந்தப் பெட்டி சில விஷயங்களை மறக்கவே கூடாது: யார் யார் நம்பர், தண்ணீர் இல்லாமல் ஓடினால் எந்த ஆம்பியரில் நிறுத்துவது, மோட்டார் மொத்தம் எத்தனை மணி ஓடியது. கரண்ட் போனாலும் இது அழியாமல் இருக்க வேண்டும், வேண்டும்போது மாற்றி எழுதவும் வர வேண்டும். இதற்கு எந்த மெமரி ஐசி, அதாவது தகவலைச் சேமித்து வைக்கும் சில்லு, தோது?

புற ஊதா ஒளியில் அழிக்கும் பழைய ரகமான ஈப்ராமை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 1971-ல் இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் கொண்டுவந்தது. முதல் ஐசியான 1702-ல் மொத்தமே 256 பைட். ஒரு பைட்டைத் திருத்தவும் ஐசியைக் கழற்றி, புற ஊதா விளக்கடியில் கால் மணி நேரத்துக்கு மேல் வைத்து, முழுசாக அழித்து, திரும்ப எழுத வேண்டும். பழைய மெஷின் போர்டில் இது இருந்தால் முதுகில் ஒட்டிய ஸ்டிக்கரை மட்டும் பிய்க்காதீர்கள். அதற்கடியில் குவார்ட்ஸ் ஜன்னல், அதற்குள் சிலிக்கான் துண்டும் மயிரிழைக் கம்பிகளும் தெரியும், பார்க்க அழகுதான். ஆனால் நேர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும்.

நிஜப் போட்டி ஈஈப்ராமுக்கும் ஃபிளாஷுக்கும்தான். இரண்டையும் கழற்றாமல் மின்சாரத்தாலேயே அழித்து எழுதலாம். டிவி மெக்கானிக்குகளுக்கு இரண்டும் பழக்கம்: பழைய டிவியில் இருக்கும் 24சி ரகம் ஈஈப்ராம், எல்இடி டிவியில் இருக்கும் 25க்யூ ரகம் ஃபிளாஷ். எட்டுக் கால், பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். குணம் வேறு. 24சி-யில் ஒரு பைட்டை மட்டும் தொட்டு மாற்றலாம், 5 மில்லிசெகண்டுக்குள் வேலை முடியும். 25க்யூ மெகாபைட் கணக்கில் கொள்ளும், ஆனால் எழுதிய இடத்தில் திரும்ப எழுத வேண்டுமென்றால் குறைந்தது 4 கிலோபைட்டை ஒட்டுமொத்தமாக அழிக்க வேண்டும். அதற்குச் சில சமயம் 400 மில்லிசெகண்ட்கூட ஆகும்.

நம் ஊரில் இந்த வித்தியாசம் பெரிய விஷயம். மும்முனை மின்சாரம் சொல்லிவிட்டுப் போவதில்லை. அழித்து முடித்து எழுதுவதற்குள் கரண்ட் போனால், ஒரு நம்பரை மாற்றப் போய் அந்த 4 கிலோபைட்டில் இருந்த எல்லா நம்பரும் காலி. 5 மில்லிசெகண்ட் என்றால் சப்ளையில் கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டரே தாங்கிவிடும்.

அப்புறம் ஆயுள். ஃபிளாஷ் சுமார் 1 லட்சம் முறை, 24சி 10 லட்சம் முறை எழுதத் தாங்கும். ஓடிய நேரத்தை நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரே இடத்தில் எழுதினால், இரவு பகலாக மோட்டார் ஓடும் குறுவை சமயத்தில் ஒரு நாளைக்கு 1,440 முறை எழுத வேண்டிவரும். அந்தக் கணக்கில் ஃபிளாஷ் எழுபது நாளைக்குக்கூட வராது, 24சி இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழுதுங்கள், 24சி பத்தொன்பது வருடம் ஓடும்.

ஃபிளாஷ் மேல் பழி போடவும் முடியாது. 4 கிலோபைட்டில் நாலு நாலு பைட்டாக வரிசையாக எழுதிக்கொண்டே போனால் 1,024 தரத்துக்கு ஒருமுறை அழித்தால் போதும். அடுத்த 4 கிலோபைட் துண்டை முன்கூட்டியே அழித்து வைத்துக்கொண்டால் கரண்ட் பயமும் குறையும். நன்றாகப் புரோகிராம் எழுதத் தெரிந்தவர் கையில் ஃபிளாஷ் பிரமாதம். ஆனால் நூறு ரூபாய்க்கும் கணக்குப் பார்க்கும் பெட்டியில் அவ்வளவு கவனமாக யார் புரோகிராம் எழுதுகிறார்கள்? என் ஓட்டு, புரோகிராமுக்கு ஃபிளாஷ், செட்டிங்குக்கும் ஓடிய கணக்குக்கும் 24சி.

ஒவ்வொரு செகண்டும் குறித்தே ஆக வேண்டும் என்பவர்கள் எஃப்ராம் என்ற இன்னொரு ரக மெமரி ஐசியைப் பார்க்கலாம். லட்சம் கோடி முறை எழுதலாம், எழுதிவிட்டுக் காத்திருக்கவே வேண்டாம். 24சி இருந்த இடத்திலேயே உட்காரும் ரகமும் உண்டு. விலை மட்டும் சில மடங்கு கூட.