கும்பகோணம் வக்கீல் அலுவலகம்: வெளிநாட்டு வழக்குக்குத் தடை வாங்கிய அனுபவம்

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு அரிசி ஆலை. புழுங்கல் அரிசி தூத்துக்குடி வழியாக வெளிநாடு போகிறது. வாங்கியவர் குருணை அதிகம் என்று பணத்தை நிறுத்தினார். அதோடு விடாமல் அவர் நாட்டு நீதிமன்றத்தில் நஷ்டஈடு வழக்கும் போட்டார். தகராறு வந்தால் சிங்கப்பூரில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரை வைத்துத் தீர்ப்பது) என்று ஒப்பந்தத்தில் அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்!

முதலில் பார்த்த வக்கீல், "அங்கேயே போய்ப் பதில் போடுங்க" என்றார். கும்பகோணத்து அலுவலகத்தில் அதைச் சொன்னதும் மூத்த வக்கீலம்மா பதறிவிட்டார். அங்கே போய் அரிசியின் தரத்தை வாதாடினால் அந்தக் கோர்ட்டை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார். சிங்கப்பூரில் தடையாணை கேட்கலாம் என்று அவர் சொன்னபோது, அந்நிய நாட்டு நீதிமன்றத்தை இன்னொரு நாடு எப்படித் தடுக்கும் என்று கேட்டேன்.

"தடை கோர்ட்டுக்கு இல்லைங்க ஐயா, அந்த ஆளுக்கு. வழக்கை மேலே நடத்தாதேன்னு அவருக்குத்தான் உத்தரவு. மீறினா அவமதிப்பு" என்றார். சென்னையிலேயே கேட்கக் கூடாதா என்றதற்கும் பதில் இருந்தது. நம் உச்ச நீதிமன்றம் 2003-ல் மோடி என்டர்டெயின்மென்ட் வழக்கில், தடுக்கப்படுபவர் நம் கோர்ட்டின் அதிகாரத்துக்குள் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறதாம். எங்களிடம் வாங்கியவருக்கு இங்கே ஒன்றுமே இல்லை. சிங்கப்பூருக்குக் கட்டுப்படுவதாகத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களின் வேகம். 1995-ல் 'ஏஞ்சலிக் கிரேஸ்' கப்பல் வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படிப்பட்ட தடையைத் தயங்காமல் தரலாம், ஆனால் வெளிநாட்டு வழக்கு முற்றுவதற்குள் சீக்கிரம் வந்து கேட்க வேண்டும் என்றது. ஹில்டன் ஹோட்டல் நிறுவனமோ, எதிராளி மாலத்தீவில் போட்ட வழக்கில் தீர்ப்பு வரும்வரை இருந்துவிட்டுச் சிங்கப்பூரில் தடை கேட்கப் போனது. கீழ்க் கோர்ட்டில் கிடைத்த தடையை, தாமதமாக வந்ததால், 2019-ல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டு அன்று இரவே சிங்கப்பூர் வக்கீலுக்குக் காகிதங்களை அனுப்பினார்கள். இடைக்காலத் தடை கிடைத்தது, எதிராளியும் ஆர்பிட்ரேஷனுக்கு வந்துவிட்டார். அது இன்னும் நடக்கிறது.

குறையும் உண்டு. சிங்கப்பூர் வக்கீல் கட்டணம் தனி என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அது பெரிய தொகை. ஒரு கண்டெய்னர் சரக்குத் தகராறுக்கு இந்த வழி கட்டாது. மதியத்துக்கு மேல் போன் எடுக்க ஆளில்லை.

போகிறவர்கள் ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களோடு சம்மன் வந்த உறையையும் கொண்டுபோங்கள். என்றைக்குக் கைக்கு வந்தது என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.