சுவரா, காடா: பிக்கரிங் நகரின் வெள்ளக் காப்பு

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரிலுள்ள பிக்கரிங் நகரம் 1999, 2000, 2002, 2007 ஆகிய ஆண்டுகளில் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டது. ஊருக்குள் கான்கிரீட் சுவர் எழுப்புவதா, மேட்டுக் காடுகளிலேயே நீரின் வேகத்தைத் தணிப்பதா என்ற கேள்வி அங்கு எழுந்தது.

சுவர் குறித்த உயரம் வரை உறுதியாகக் காக்கும். ஆனால் நீரைக் குறைக்காது. அந்தச் சிறு நகருக்கு அதன் செலவும் கட்டுப்படியாகவில்லை.

காட்டு ஓடைகளின் குறுக்கே மரக்கட்டைகளால் அமைக்கப்படும் கசிவுத் தடுப்புகள், சாதாரண நாள்களில் நீரை அடியில் ஓடவிட்டு, பெருமழையின்போது மட்டும் அதைக் கரையோரத் தரையில் பரப்பித் தேக்குவதால், வெள்ளத்தின் உச்சம் ஊரை ஒரேயடியாக வந்தடைவதில்லை. 160-க்கும் மேற்பட்ட தடுப்புகளுடன், சுமார் 1,20,000 கன மீட்டர் நீரைத் தேக்கும் மண்கரையும் அங்கு அமைந்தது. 2015 டிசம்பர் 26 மழையில் உச்சப் பெருக்கு 15 முதல் 20 விழுக்காடு தணிந்ததாகக் கணக்கிடப்பட்டது. அதில் ஏறத்தாழப் பாதி மண்கரையின் பங்கு என்பதை மறைக்கக் கூடாது.

வீடுகளை ஒட்டிய நகர்ப்புறக் காட்டில், பெயர்ந்த ஒரு கட்டை சிறுபாலத்தின் கண்ணை அடைத்தாலே தெரு மூழ்கும். ஆகவே கட்டைகளை இறுகப் பிணைப்பதும், மழைக்காலத்துக்கு முன் பார்வையிடுவதும் கட்டாயம். அந்தப் பொறுப்பை ஏற்க ஆளிருந்தால், நான் காட்டையே முதலில் தேர்ந்தெடுப்பேன். ஓடை வீட்டு வாசலைத் தொடும் இடத்துக்கு மட்டும் சுவர் போதும்.