குவீன்ஸ்டவுன் பிரைமா, ஈசூன் ஸ்டாண்டர்டா?

2025 பிப்ரவரியில் சிங்கப்பூர் அரசின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புது வீடுகளை விற்பனைக்கு விட்டபோது எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. மனைவிக்கு அவள் பெற்றோர் இருக்கும், நகரை ஒட்டிய குவீன்ஸ்டவுன், எனக்கு வடக்கே இருக்கும் ஈசூன். ஒரு சுற்றில் ஓரிடத்துக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். கடைசியில் ஈசூனுக்குப் போட்டோம், குலுக்கலில் நல்ல வரிசை எண்ணும் விழுந்தது. அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைத்துவிடாதீர்கள்.

மறுவிற்பனை வீடும் பார்த்தோம். காத்திருப்பு இல்லை, சரி. ஆனால் எங்களுக்குப் பிடித்த பேட்டைகளில் 99 ஆண்டுக் குத்தகையில் பாதி கரைந்திருந்தது, விலை மட்டும் கரையவில்லை. விட்டுவிட்டோம்.

இடத்தைப் பொறுத்தவரை குவீன்ஸ்டவுனோடு ஈசூன் போட்டி போட முடியாது. அதில் வாதமே இல்லை. வாதமெல்லாம், குவீன்ஸ்டவுன் போன்ற சிறந்த இடங்களில் கட்டும் ‘பிரைம்’ வகை வீட்டோடு ஒட்டி வரும் விதிகளில்தான்.

அவை ஏன் வந்தன என்பது புரிகிறது. நகர மையத்தில் உள்ள டக்ஸ்டனில் 2009ல் கட்டி முடித்த 50 மாடிக் கட்டட வீடுகள் பின்னாளில் ஒரு மில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல் கைமாறின. மானியத்தில் வாங்கியவருக்கு யோகம், அடுத்து வருபவருக்கு எட்டாக்கனி. அதைத் தடுக்க 2021ல், நகர மையத்திலேயே உள்ள ரோச்சோர் வீடுகளில் கட்டுப்பாடுகள் தொடங்கின. 2024 அக்டோபரில் வீடுகள் ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என்று மூன்றாகப் பிரிந்தன. ஸ்டாண்டர்ட் வீட்டை 5 ஆண்டு குடியிருந்தபின் விற்கலாம், மற்ற இரண்டுக்கும் 10 ஆண்டு. அவற்றை முழு வீடாக வாடகைக்கு விடவே முடியாது, அறைகளை மட்டும் விடலாம்.

அப்புறம் மானிய மீட்பு, அதாவது விற்கும்போது வீவக திருப்பிப் பிடிக்கும் தொகை. ரோச்சோரில் இது 6 விழுக்காடு, பின்னால் வந்த சில திட்டங்களில் 9. இது லாபத்தில் பிடிப்பதல்ல, விற்ற விலையில் பிடிப்பது. 800,000 வெள்ளிக்கு விற்றால் 9 விழுக்காடு என்பது 72,000 வெள்ளி. சரி, வாங்கும்போது கூடுதலாகக் கிடைத்த மானியத்தைத் திருப்பித் தருகிறோம் என்று நினைத்துக்கொள்ளலாம். அதற்காக நான் பின்வாங்கவில்லை.

என்னைத் தடுத்தது, விற்கும்போது யார் வாங்க வருவார் என்ற கேள்வி. பிரைம் வீட்டை வாங்கும் குடும்பத்தின் மாத வருமானம் 14,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது. இது ஒரு சல்லடை. இந்தியக் குடும்பமான எங்களுக்கு ஏற்கெனவே இன்னொரு சல்லடை உண்டு: புளோக்குக்கு இனவாரியாக உச்சவரம்பு வைக்கும், 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை. ஒரு புளோக்கில் சீனர் விகிதம் 87 விழுக்காட்டைத் தொட்டுவிட்டால், சீனர் அல்லாத நாங்கள் சீனருக்கு விற்க முடியாது.

2022ல் அப்பா தம் நாலறை வீட்டை விற்ற கதையைச் சொல்கிறேன். மாதக் கடைசியில் ஒரு சீனத் தம்பதி வந்தார்கள். சலவை இயந்திரம் வைக்கும் இடத்தை அந்தப் பெண் கைச்சாணால் அளந்து பார்த்தார். அம்மா போட்ட தேநீரைக் குடித்துவிட்டு, அடுத்த வாரம் முன்பணத்தோடு வருகிறோம் என்றார்கள். ஒன்றாம் தேதி புதுக் கணக்கு வந்தது. சீனர் விகிதம் நிரம்பிவிட்டது. ஏஜெண்ட் பேசாமல் கைப்பேசியை அப்பாவிடம் நீட்டினார். ஏழு மாதம் கழித்து, கேட்டதில் 35,000 வெள்ளி குறைத்து, ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்தோம்.

கொள்கையைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பேட்டைகள் இனவாரியாகப் பிரிந்துவிடும் என்ற வாதத்தை நானும் ஏற்கிறேன். பத்தாண்டுக்கு மேல் வைத்திருந்து, ஆறு மாதம் முயன்றும் விற்க முடியாதவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ள 2022ல் வழி வந்தது. ஆனால் இரண்டு சல்லடையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாண்டு முடித்த பிரைம் வீடு இதுவரை ஒன்றுகூட இல்லை. என் பயம் வீண்பயமாகவும் போகலாம். விற்கவே போவதில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவர்கள் பிரைமையே எடுங்கள். எனக்கு 31 வயது, அடுத்த வேலை எந்த ஊரில் என்றே தெரியவில்லை.

மனைவி இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை. ஈசூனிலிருந்து ஞாயிறுதோறும் அம்மா வீட்டுக்கு எம்ஆர்டி ரயிலில் போய்வரும் நேரத்தை இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்: இரண்டு மணி நேரம்.